கப்பலுக்கு ஆகாத பல்

ஒன்பது வயதில் என்னை விற்கப்போகிறார்கள் என்று நான் நம்பினேன். யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இப்போது வயது நாற்பத்தைந்து. எதுவும் அவ்வளவு துல்லியமாகத் தெரிவதில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பயத்தில் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தபோதும், குப்பத்துப் பையன்களிலேயே நல்ல விலைக்குப் போகக்கூடியவன் நான்தான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் ஓடிக்கொண்டிருந்தது. என் முன்பற்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

பல்லுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பழவேற்காட்டில் கேட்க மாட்டார்கள்.

எங்கள் குப்பத்தில் பிள்ளைக்கு ஏழு வயது முடிந்ததும் நாவிதரைக் கூப்பிட்டு, மேல்வரிசை முன்பல் ஒன்றின் மூலையை அரத்தால் ராவிவிடுவார்கள். அரிசி அளவுதான். அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு. பிள்ளையால் மெல்ல முடியாது என்பதால் பெரியவர்களே அதைத் தின்று தீர்ப்பார்கள். இதற்குப் பல் கழிப்பு என்று பெயர். முன்னொரு பஞ்சத்தில் ஒல்லாந்தர் கப்பல்கள் எங்கள் கரைக்கு எதிரே நின்று ஆட்களை வாங்கிக்கொண்டு போயின. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். கோல் வைத்து உயரம் அளந்தார்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பல் உடைந்தவனைக் கழித்துக் கரையிலேயே விட்டார்கள். ஆகவே இன்று எங்கள் குப்பத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படிக் கழித்துவிடப்பட்டவர்களின் வாரிசுகள். மற்ற ஊர்க்காரர்கள் ராஜா வம்சம், ரிஷி கோத்திரம் என்று சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் உடைந்த பல்லின் வம்சம்.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் அத்தை, நைனாவின் அக்கா. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்வாள். அவள் கதையில் ஒரு ஆள் தவறாமல் வருவான். அவனும் பிடிபட்டவன்தான். ஆனால் நாலு பேரைக் காட்டிக் கொடுத்தான், அவனை விட்டுவிட்டார்கள். "நாலு புள்ளைங்கள காட்டினான், நடந்து வூட்டுக்கு வந்துட்டான்" என்று அத்தை முடிப்பாள். அந்த ஆளுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. வைக்காததால் அது யாராகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு மட்டும் பல் கழிக்கவில்லை. நைனா விடவில்லை. அவர் மசூலாப் படகின் தண்டல். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த அந்தப் படகுதான் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போய்வரும். அதன் தலைவர் அவர். "கப்பலு ஆள வாங்கி எத்தினி காலம் ஆச்சி? எம்புள்ள வாயில அரத்த வெச்சா கைய ஒடிச்சிடுவேன்" என்று நாவிதரைத் துரத்திவிட்டார். அத்தை அன்று முதல் என்னைப் பார்க்கும்போதெல்லாம், விற்காமல் மிஞ்சிய மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் ஊரில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கப்போகிறது, இங்கிலீசுக்காரன் கொடி ஏறப்போகிறது. கோட்டை பாதி இடிந்து கிடந்தது. கொடி மட்டும்தான் முழுசு. இருந்தாலும் கொடி மாறினால் கப்பல் மாறும், கப்பல் மாறினால் பாஷை மாறும். நைனாவுக்கு ஒல்லாந்த பாஷையில் நாற்பது வார்த்தை தெரியும். முப்பது வருஷம் கடல்தண்ணீர் குடித்துக் கற்றவை. அத்தனையும் ஒரே நாளில் செல்லாக் காசாகப் போகின்றன என்ற கிலி அவருக்கு. இங்கிலீசுக் கப்பல்காரனோடு எவன் முதலில் பேசுகிறானோ அவன் படகுக்குத்தான் வேலை. துணி வியாபாரம் படுத்துவிட்ட மரக்காயருக்கும் அதே கிலி. இரண்டு பேரும் சேர்ந்து எங்களுக்கு ஒரு வாத்தியாரைப் பிடித்தார்கள்.

வாத்தியார் நிஜ இங்கிலீசுக்காரர். செருப்பில்லாமல் மணலில் நடப்பார் என்பதால் ஊர் அவருக்கு வெறுங்கால் துரை என்று பெயர் வைத்திருந்தது. இங்கிலீசு அரசர் கப்பல் ஒன்று தண்ணீர் பிடிக்க நின்றபோது அதிலிருந்து குதித்து நீந்தி வந்தவர். ஒல்லாந்தர் கொடி பறக்கிறவரை இங்கிலீசுக்காரர்கள் இங்கே வந்து அவரைப் பிடிக்க முடியாது. அது ஊருக்கே தெரியும். எங்கள் பாஷையில் அவருக்குத் தெரிந்தவை மீன் பெயர்களும் கெட்ட வார்த்தைகளும். எங்கள் குப்பத்தில் பேசிப் பிழைக்க அது தாராளம். அவருக்குப் பாடம் சொல்லத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இங்கிலீசு பேசுகிறவராயிற்றே. மீனைக் கூப்பிட்டு நீச்சல் சொல்லிக்கொடு என்று கேட்ட முதல் மீனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் அவர் சொல்லிக்கொடுத்தார். அதுதான் வினை.

மரக்காயரின் காலியான துணிக்கிடங்கில் நாங்கள் நாலு பேர். நான், மரக்காயரின் மகன், வலைக்காரர் வீட்டு அண்ணன் தம்பி இருவர். வாத்தியாரிடம் புத்தகம் இல்லை. அவர் கையில் இருந்தது ஒரு பூநாரைச் சிறகு. ஏரியில் பொறுக்கியது, இளஞ்சிவப்பு. தமிழ் வாய்க்கு வராத ஓர் ஓசை இங்கிலீசில் உண்டு. கீழுதட்டின் மேல் முன்பல்லை வைத்து ஊத வேண்டும். அவர் சிறகை எங்கள் வாய்க்கு முன்னால் பிடிப்பார். சிறகு ஆடினால் சரி. ஆடாவிட்டால் எங்கள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, நாக்கு எங்கே, பல் எங்கே என்று உள்ளே குனிந்து பார்ப்பார். உயரம், குள்ளம் என்பதற்கான சொற்களைச் சொல்லித்தர எங்களைக் கதவுநிலையில் நிறுத்தி, தலைக்கு மேல் கத்தியால் கீறினார். ஒவ்வொரு கீறலுக்குப் பக்கத்திலும் அவரவர் பெயரை இங்கிலீசில் எழுதினார்.

வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாயிற்று. உயரம் அளந்தாயிற்று. பெயர் எழுதியாயிற்று. அத்தையின் கதையில் இதற்கு அடுத்தது கப்பல்தான்.

அவருக்கு என்னைத்தான் மிகவும் பிடித்திருந்தது. மூளியாகாத பல் என்னிடம் மட்டும்தானே இருந்தது. நான் ஊதினால் சிறகு சுழலும். "குட், குட்" என்று என் தாடையைப் பிடித்து ஆட்டுவார். மாட்டுச் சந்தையில் தரகன் மாட்டின் தாடையைப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் எங்களுக்கு ஒரே ஒரு முழு வாக்கியம் கற்றுத் தந்தார். "ஃபேர் விண்டு டு யூ, ஸார்." உமக்கு நல்ல காற்று வாய்க்கட்டும் என்று பொருள். கடலோடிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது. துரைமாரைப் பார்த்தால் குட்மார்னிங் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்லித்தரவில்லை. அவருக்கே யாரும் குட்மார்னிங் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கிடங்குக்குப் பின்னால் நைனாவும் மரக்காயரும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"கொடி மாறினா மொத வேலையா இந்த ஆளத்தான் தேடுவானுங்க" என்றார் நைனா.

"அதுக்குத்தான் சொல்றேன் தண்டலு. வர்ற துரை முன்னாடி நாலு பசங்களயும் நிறுத்திக் காட்டுவோம். மனசுக்குப் புடிச்சிதுன்னா இவன விட்டுருவான். பள்ளிக்கூடத்துக்கே ஆளா வெச்சாலும் வெப்பான்."

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா இன்னா பண்றது. கப்பலுக்கு இஸ்துகினு போவானுங்க. முதுகுத் தோல உரிச்சிடுவானுங்களாம்."

நைனா காறித் துப்பினார். பிறகு சொன்னார்: "எம்புள்ளய மொத ஆளா நிறுத்து. அவனுக்குத்தான் பல்லு நல்லா கீது."

இதை இன்று நீங்கள் படிக்கும்போது, ஒரு மனிதனின் முதுகைக் காப்பாற்ற இரண்டு பேர் வழி தேடுகிறார்கள் என்பது விளங்கும். மரக்காயர் சொன்னதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் நான் அத்தையின் கதையைக் காதில் மாட்டிக்கொண்டு நின்றேன். நாலு பிள்ளைகளைக் காட்டுவது, ஓர் ஆளை விடுவது. கதை அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளையை நிறுத்துகிறவர் என் சொந்த நைனா.

அன்று சாயங்காலமே படகுகளுக்கு நடுவில் என் படையைக் கூட்டினேன்.

"வாயத் தெறக்கக் கூடாது. பல்லு தெரிஞ்சா போச்சி" என்றேன்.

"கொட்டாவி வந்தா?" என்றான் தம்பிக்காரன்.

"மூக்கால வுடு."

அண்ணன்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்குத்தான் பல்லு கழிச்சாச்சே. நாங்க இன்னாத்துக்குப் பயப்படணும்?"

"அது ஒல்லாந்தான் சட்டம்டா. இவன் இங்கிலீசுக்காரன். இவனுக்கு அதெல்லாம் தெரியுமா?"

மரக்காயர் மகன் அழ ஆரம்பித்தான். "எங்க வாப்பாவே என்ன விப்பாரா?"

"உங்க வாப்பா விக்காத பொருளு எதனா கீதாடா?" என்றேன். அவன் யோசித்துப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதான்.

மற்றவர்களுக்குச் சட்டம் போட்டாயிற்று. ஆனால் என் வாயில் இருந்த பல்லை என்ன செய்வது? சுண்ணாம்புச் சூளைக்குப் பின்னால் கிளிஞ்சல் குவியல் மறைவில் உட்கார்ந்து, கட்டுமரத்து நங்கூரக் கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். எல்லையம்மனை வேண்டிக்கொண்டு கண்ணை மூடி ஓங்கினேன். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது உதட்டில். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். மூன்றாவது அடி பல்லில் விழுந்தது. அரிசி அளவு கேட்டேன், அம்மன் படி அளவில் கொடுத்தாள். ஒரு முன்பல் பாதியோடு போயிற்று, இன்னொன்று ஆடி ஆடி மறுநாள் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் சூளைக்காரனின் கழுதை மிரண்டு ஓடி, பல மைல் தாண்டி, சுண்ணாம்புக்குளம் பக்கத்தில்தான் அகப்பட்டது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா கோழி அடித்தாள். அத்தை என் வாயைத் திறந்து பார்த்து, "இப்பதான்டா நீ எங்க வூட்டுப் புள்ள" என்று நெட்டி முறித்தாள். வீட்டில் சந்தோஷம் இல்லாத முகம் நைனாவின் முகம் மட்டும்தான்.

மறுநாள் வாத்தியார் என் தாடையைப் பிடித்துத் திறந்தார். எங்களுக்குச் சொல்லித்தராத ஓர் இங்கிலீசு வார்த்தை சொன்னார். அப்புறம் காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சரக்கு கெட்டுவிட்டதே என்று அழுகிறார் என நினைத்தேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பிறகு அவர் தன் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே பல வீடுகள் காலி. "கப்பலு" என்றார். விரலைப் பல் இல்லாத ஈறில் வைத்து, "கப்பலு சோறு. பல்லு போச்சி" என்றார். கப்பல், பல் என்ற இரண்டு வார்த்தைகளையும் அவர் வாயாலேயே ஒன்றாகக் கேட்டபின் எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

துரை வர ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் மற்றவர்கள் வீட்டுக்குப் போனபின் என்னை மட்டும் நிறுத்திவைத்தார். முன்பல் இல்லாவிட்டால் என்ன, பக்கத்துக் கோரைப்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஓரமாக ஊது என்று தன் ஓட்டை வாயால் ஊதிக் காட்டினார். எச்சில் தெறித்தது. எனக்கு விசில் வந்தது. ஐந்தாம் நாள் சிறகு ஆடியது. அவர் எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஓர் ஆட்டம் ஆடினார். வெறுங்கால் கிடங்குத் தரையில் தப்புத்தப்பென்று விழுந்தது. சிறகை என் காதில் செருகிவிட்டார். நான் சிரிக்கவில்லை. பல் தெரியக் கூடாதே.

கோட்டையில் கொடி மாறியது. இங்கிலீசுத் துரை கப்பலில் வந்து இறங்கி நேரே கிடங்குக்கு வந்தார். கருவாட்டு வாசனைக்காக மூக்கில் கைக்குட்டை. கூட இரண்டு மாலுமிகள். மரக்காயர் பன்னீர் தெளித்தார். நைனா தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். வாத்தியார் யாரிடமோ இரவல் வாங்கிய சட்டையும், எங்கிருந்தோ தேடிய செருப்பும் போட்டிருந்தார். செருப்பில் அவரைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது.

அவர் எங்களை நோக்கித் தலையசைத்தார். நாலு வாய்களும் பூட்டிக் கிடந்தன.

மறுபடி தலையசைத்தார். வாக்கியத்தின் முதல் சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்தார். மரக்காயர் மகனின் உதடு பிரிந்தது. தொடையில் கிள்ளினேன், மூடிக்கொண்டது. வாத்தியார் என் முன்னால் வந்து மண்டியிட்டு, என் காதிலிருந்த சிறகை எடுத்து என் வாய்க்கு நேரே பிடித்தார். "தம்பி" என்றார். அந்த வார்த்தையை அவர் எங்கே கற்றார் என்று தெரியவில்லை. சிறகு ஆடியது. நன்றாகவே ஆடியது. ஆனால் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். ஆடியது அவர் கை.

துரை கைக்குட்டைக்குள் சிரித்தார். பிறகு வாத்தியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எந்தக் கப்பல் என்று கேட்டிருக்க வேண்டும். வாத்தியார் எழுந்து நேராக நின்று, கைகளை உடம்போடு ஒட்டவைத்துப் பதில் சொன்னார். இரண்டு மாலுமிகளும் அவருக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

அவரைக் கொண்டுபோய் விட்டது நைனாவின் படகு. அலையைத் தாண்டும்போது தண்டல் பாட்டு எடுப்பார், துடுப்புக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள், அதுதான் வழக்கம். அன்று நைனா பாட்டு எடுக்கவில்லை. நான் படகின் முனையில் உட்கார்ந்திருந்தேன். கப்பலைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று நானேதான் ஏறிக்கொண்டேன். இனி என்னை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டதே, பயம் எதற்கு?

கப்பலின் ஓரம் சேர்ந்ததும் கயிற்றேணி விழுந்தது. வாத்தியார் செருப்பைக் கழற்றிப் படகிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அப்போது எனக்கு வந்த குஷியில், வாயைத் தாராளமாகத் திறந்து, கோரைப்பல்லைக் கீழுதட்டில் வைத்து, "ஃபேர் விண்டு டு யூ, ஸார்" என்றேன். விசில் இல்லை, பிசிறு இல்லை. இன்றுவரை அதைவிடச் சுத்தமாக நான் சொன்னதில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "குட்" என்றார். ஏறினார்.

நைனா அன்று என்னை அடிக்கவில்லை. கரைக்குத் திரும்பி வந்து படகை மணலில் ஏற்றும்போது மட்டும் கேட்டார்: "இத அங்க சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?" இது பாராட்டா, திட்டா என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் செருப்பு வெகுநாள் படகிலேயே கிடந்து உப்பில் விறைத்துப்போயிற்று.

இப்போது நான் இங்கிலீசுக் கப்பல்காரர்களுக்கும் ஊருக்கும் நடுவில் பேசிப் பிழைக்கிறவன். எனக்குக் கிடைத்த பாஷை அவர் கொடுத்ததுதான். சில வருஷங்களுக்கு முன் ஒரு கிழட்டு மாலுமி நான் பேசுவதைக் கேட்டுத் திடுக்கிட்டு, இந்தப் பேச்சு எங்கள் பக்கத்து மீனவர் பேச்சாயிற்றே, உனக்கு எப்படி வந்தது என்றான். ஊர் பெயரும் சொன்னான். என் வாயில் நிற்கவில்லை. அந்தக் கரையில் அரசர் கப்பலுக்கு ஆள் குறைந்தால் மீன்பிடி படகுகளை மடக்கி, பத்து பன்னிரண்டு வயதுப் பையன்களைக்கூடப் பிடித்துக்கொண்டு போவார்களாம். போனவர்கள் திரும்பி வருவது அபூர்வமாம். நான் வேடிக்கையாக ஏதோ பதில் சொன்னேன். அவன் சிரித்தான்.

வாத்தியார் கயிற்றேணியின் உச்சிக்குப் போனதை நான் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே நின்ற ஒருவன் அவர் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தான். இன்னொருவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். அத்தை சொன்னது அத்தனையும் நிஜம்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் நாலு பேரும் கரையில் இருந்தோம். கப்பல் அன்று ஓர் ஆளைத்தான் பிடித்துக்கொண்டு போனது. அவருக்குப் பல் பாதிக்கு மேல் இல்லை. கழித்துவிடவில்லை.